இருபத்தேழிலேயே நின்ற எண்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆயுத பூஜை நாளன்று, சோமனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் கோழிப்பண்ணையில் நடந்தது இது. வெள்ளிக்கிழமை, புரட்டாசி முடியப் போகிற சமயம். மழை இதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டுப் போக, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சரியான பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்பியவள். கதவைப் பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பேன். நாலடி நடந்துவிட்டு வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு சொல்வதில்லை.

எங்களுடையது கறிக்கோழிப் பண்ணை. கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொடுத்துவிடுவார்கள். வளர்த்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. பழைய திறந்த ஷெட்டின் இரண்டு பக்கக் கம்பிவலையையும் தார்ப்பாய் கட்டி மூடி, ஒரு முனையில் ஆள் உயர ஃபேன்களும், மறுமுனையில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும் அட்டைச் சுவரும் வைத்து, குளிர்ந்த ஷெட்டாக மாற்றியிருந்தோம். உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது, எத்தனை ஃபேன் ஓட வேண்டும், எப்போது தண்ணீரைத் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டது ஒரு கம்ப்யூட்டர். வெளிநாட்டுக் கருவி எல்லாம் கிடையாது. கோயம்புத்தூரில் ஓர் இன்ஜினியர் எழுதிக் கொடுத்த புரோகிராம், வீட்டில் பிள்ளைகள் படம் வரைகிற மாதிரியான ஒரு சாதாரண மேசைக் கம்ப்யூட்டரில் ஓடியது. அதிலிருந்து ஒரு கேபிள் சுவரில் இருந்த பேனல் போர்டுக்குப் போகும். போர்டில் ஒரு திருகு சுவிட்ச். 'ஆட்டோ' பக்கம் திருப்பினால் கம்ப்யூட்டர் சொல்வதை ஃபேன்கள் கேட்கும். 'மேனுவல்' பக்கம் திருப்பினால் நாமே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கோழிக்கு வியர்க்காது. மூச்சுவிட்டுத்தான் அது உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். மூடிய ஷெட்டில் காற்று நின்றுவிட்டால், வெயில் நேரத்தில் கால் மணி நேரம் போதும், எல்லாம் முடிந்துவிடும். பெரிய கோழிகளாக இருந்தால் அதைவிடச் சீக்கிரம். அன்றைக்கு எங்கள் ஷெட்டில் இருந்தவை எல்லாமே பெரிய கோழிகள். புரட்டாசியில் பாதிப் பேர் கறி சாப்பிட மாட்டார்கள்; விற்பனை படுத்துவிடும்; கம்பெனி லாரி கோழி பிடிக்க வராமல் நாள் கடத்தும். போக வேண்டிய நாள் தாண்டியும் போகாமல், தின்று தின்று எடை கூடி, நகர இடமில்லாமல் ஷெட் முழுக்க நின்றுகொண்டிருந்தன.

நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள் என்பதால் அந்தக் கம்ப்யூட்டர் என் தலையில் விழுந்தது. புரோகிராமைப் பார்ப்பதை விட எனக்குப் பெரிய தலைவலி, திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் அந்தச் சின்னப் பெட்டிதான். அப்டேட் தயாராக இருக்கிறது, இப்போதே செய்யலாமா, பிறகா என்று கேட்கும். அமைத்துக் கொடுத்த இன்ஜினியர், "நல்லா ஓடிட்டு இருக்கறதை எதுக்குங்க மேடம் தொடணும்?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அது வேதவாக்கு. பிறகு, பிறகு என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். தினமும் கோழி எடையையும் தீவனக் கணக்கையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கி வைக்கவும் முடியாது. நான் தள்ளிப்போட்டதெல்லாம் எங்கும் போய்விடவில்லை. உள்ளுக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியை விடப் பெரிது. வருஷம் முழுக்கத் தடதடக்கும் விசைத்தறிக் குடோன்கள் அன்று ஒருநாள்தான் வாயை மூடும். அதற்கு ஈடுகட்டுகிற மாதிரி குடோனுக்கு ஒரு மைக் செட் கட்டி, ஆளுக்கொரு பாட்டைப் போட்டு அலற விடுவார்கள். எங்கள் பண்ணைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடோனில் கட்டியிருந்த ஸ்பீக்கர், நேரே எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்த்து நின்றது.

எங்கள் மாமியார் பூஜை விஷயத்தில் கறார். அருவாள், கதிரருவாள், மண்வெட்டி, ஸ்பேனர் செட், எடை மெஷின், சமையலறைக் கத்தி வரை எல்லாம் கூடத்தில் பலகை போட்டு ஏறிவிடும். ஏறியதை மறுநாள் மறுபூஜை போட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். அதனால் அன்றைய விருந்துக்கான காய்கறியை முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவோம். கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை உண்டு. ஆனால் அதற்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க முடியாதே. ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஃபேன்களை மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைப்போம். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாமனார் கற்பூரம் காட்டியதும் நல்ல நேரத்தில் மறுபடி உயிர் கொடுத்து ஆட்டோவுக்குத் திருப்புவோம். அவ்வளவுதான்.

அன்று காலை பூ, வாழைக்கன்று என்று அலைந்ததில் நேரமாகிவிட்டது. பண்ணை ஆட்களுக்குத் துணிமணியும் பொரியும் கொடுத்து அனுப்பியாயிற்று. என் கணவர், தன் மாமன் மகனுடைய லேத் பட்டறைப் பூஜைக்காகக் கோவை போயிருந்தார். ஷெட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன அறையில் நானும் மாமனாரும் மாமியாரும் மட்டும். நான் ஃபேன்களை மேனுவலில் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். அணையவில்லை. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்றது.

அணைக்கும் பொத்தான் பக்கமே போகாமல் கையை எடுத்துக்கொண்டேன்.

"அதென்ன அம்மணி, சுத்திக்கிட்டே இருக்குது?" என்றார் மாமியார்.

"அப்டேட் ஆகுதுங்க அத்தை. முடிஞ்சாத்தான் நிக்கும்."

"இன்னைக்குத்தானா அதுக்கு வேளை வந்துச்சு?"

மாமனார் கையில் கற்பூரத்தட்டோடு நின்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் நேரம் என்றால் நேரம். பெண் பார்க்க வந்தபோது ராகு காலம் முடியட்டும் என்று எங்கள் வீட்டு வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனிதர். வட்டம் சுற்றுகிறது, பக்கத்தில் இருக்கும் விழுக்காடு முப்பதிலேயே நிற்கிறது, அவர் வாட்ச்சைப் பார்க்கிறார்.

"பத்தரைக்கு ராகு காலம் புடிச்சுக்குங் கண்ணு."

"இன்னங் கொஞ்சம் பொறுங்க மாமா. பாதியில நிறுத்துனா கெட்டுப் போயிருங்க."

கொஞ்சம் பொறுத்தார். அதையும் சொல்ல வேண்டும். அதற்குள் வீட்டு வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. பக்கத்துக் குடோன்காரர் பொரிப் பொட்டலத்தோடு வந்திருந்தார். நான் போய் வாங்கிக்கொண்டு, இங்கிருந்து சுண்டல் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், அறையிலிருந்து 'கீ, கீ' என்று யு.பி.எஸ். அலறுவது கேட்டது. ஓடினேன். நான் கதவை எட்டுவதற்குள் அலறலும் நின்றது. மாமனார் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார். யு.பி.எஸ். கத்தியதும், பூஜை நேரத்தில் இது என்ன அபசகுனம் என்று அதன் பொத்தானையும் அழுத்திவிட்டார்.

"நல்ல நேரத்துக்குள்ள முடிச்சுப்போடலாம் கண்ணு. அப்பறமா போட்டுக்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கற்பூரம் எரிந்தது. கும்பிட்டேன். என்ன கும்பிட்டேன் என்று கேட்டால், இந்தச் சனியன் மறுபடி எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும்தான் கும்பிட்டேன்.

எழுந்தது. முதலில் கறுப்பாக நின்றது. பிறகு என்னென்னவோ சொல்லி, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்றது. மறுபடி அணைந்து, மறுபடி எழுந்து, எங்கள் பழைய திரையைக் காட்டியது. புரோகிராமைத் திறந்தேன். ஷெட்டின் படம் வந்தது. வெப்பம் இருபத்தேழு டிகிரி. காலை நேரத்துக்கு வேண்டிய ஃபேன்கள் பச்சையில். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. "நான் சொல்லலீங்களா?" என்று மாமியார் மாமனாருக்கு ஆதரவாகச் சொன்னார். மாமியார் அதற்கு முன் என்ன சொல்லியிருந்தார் என்று எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நானும் தலையாட்டினேன். சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பினேன்.

என் குணம்தான் தெரியுமே. வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. விருந்தாளிகளுக்கு இலை போடும் முன் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். இருபத்தேழு. பாயசம் கொதிக்கும்போது ஒரு தடவை போனேன். இருபத்தேழு. "போதும் அம்மணி, அதுக்குக் கண்ணு பட்டுடப் போவுது" என்று மாமியார் கேலி செய்தார். பரவாயில்லை, அப்டேட் ஆனதில் முன்னை விட நன்றாகத்தான் ஓடுகிறது, வெப்பத்தை ஒரு புள்ளி அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தாலும் உடம்பு சில்லிடுகிறது.

சாதாரண நாளாக இருந்தால் எங்களுக்கு எந்தத் திரையும் தேவையில்லை. ஃபேன் சத்தத்திலேயே வாழ்கிறவர்கள் நாங்கள். ஒரு ஃபேன் நின்றாலும் தூக்கத்தில் கூட முழிப்பு வந்துவிடும். அன்று அந்த மைக் செட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஜாடையில்தான் பேசிக்கொண்டோம்.

உச்சி வெயில் ஏறிவிட்டது. சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். அவசரத்தில் செருப்புப் போடவில்லை. வாசலில் போட்டிருந்த சிமென்ட் தளத்தில் கால் வைத்ததும் சுட்டுவிட்டது. 'ஸ்' என்று துள்ளி, பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் அறையின் நிழலுக்குள் ஓடினேன். எதிரே திரை. இருபத்தேழு.

கால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. திரை இருபத்தேழு என்கிறது.

காலையில் இளவெயிலிலும் இருபத்தேழு. இப்போதும் இருபத்தேழு. இருபத்தேழேகால் இல்லை, இருபத்தாறரை இல்லை. அதுவரை நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். திரையின் கீழ் மூலையில், கடைசியாக ஷெட்டிலிருந்து தகவல் வந்த நேரம் சின்ன எழுத்தில் இருக்கும். அது காலையில் நான் ஆட்டோவுக்குத் திருப்பிய சில நிமிடத்திலேயே நின்றிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் ஷெட்டோடு பேசி அவ்வளவு நேரமாகிவிட்டது. சூடு கூடினால் அடிக்க வேண்டிய சைரனும் அதே கம்ப்யூட்டரை நம்பித்தான் இருந்தது.

ஷெட் கதவை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. கண் எரிந்தது. என்னை அதிகம் பயமுறுத்தியது கோழிச் சத்தமே இல்லாததுதான். அத்தனை கோழிகளில் ஒன்றுகூடக் கத்தவில்லை. எல்லாம் வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, தொண்டை துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நான் நடந்தால் விலகும் கோழிகள் விலகவில்லை. தூரத்து முனையில் இரண்டே இரண்டு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சுவர் காய்ந்து கிடந்தது.

பேனலுக்கு ஓடி வந்து மேனுவலுக்குத் திருப்பினேன். ஃபேன் சுவிட்சுகளை வரிசையாக, படபடவென்று ஒரே மூச்சில் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். எல்லா ஃபேனும் ஒரே நேரத்தில் இழுத்ததில் மெயின் பிரேக்கர் விழுந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த இரண்டும் நின்றுவிட்டன. மேலே தூக்கினேன்; மறுபடி விழுந்தது. எதை முதலில் அணைக்க வேண்டும், எதைப் போட வேண்டும் என்று அத்தனை நாள் தெரிந்த ஒன்று அப்போது தலையில் இல்லை. கணவருக்குப் போன் போட்டேன். பட்டறையிலும் மைக் செட்தான் போல, எடுக்கவில்லை. "மாமா!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தார்ப்பாயை இறக்கினால் வெளிக்காற்றாவது உள்ளே போகும். அது மட்டும் தோன்றியது. கயிற்றை அவிழ்க்கப் போனேன். மாதக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் இறுகிக் கிடந்த முடிச்சு. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கத்தி வேண்டும். பண்ணையில் இருந்த அத்தனை கத்தியும் அருவாளும் கூடத்தில், பலகை மேல், சந்தனப் பொட்டோடு இருந்தன.

கூடத்துக்குள் எப்படி நுழைந்தேனோ, வழியில் யார் இலையை மிதித்தேனோ தெரியாது. பலகையில் இருந்த அருவாளை எடுத்தேன். சாமந்திச் சரம் அதோடு வந்து அறுந்தது. சுற்றி இருந்த உறவுக்காரர்கள் உறைந்து போனார்கள். மாமியார் எதிரே நின்றார். "ஐயோ, சாமிகிட்ட வெச்சது..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஷெட்டு... அத்தை... ஃபேனு நின்னு போச்சுங்க..."

வேறு எதுவும் சொல்லவில்லை நான். மாமியார் குனிந்து கதிரருவாளை எடுத்தார். குங்குமம் கையெல்லாம் அப்பியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை வெட்டிக்கொண்டே போனோம். தார்ப்பாய் ஒவ்வொரு பாகமாகச் சரிந்து விழுந்தது. விருந்துக்கு வந்தவர்கள் பட்டு வேட்டியோடு இழுத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த குடோன்காரர் மைக் செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆட்களோடு தாண்டி வந்தார். பாட்டு நின்றது. அந்த நொடியில், ஃபேன் சத்தம் இல்லாத எங்கள் ஷெட்டின் அமைதி எல்லோருக்கும் கேட்டது.

பேனல் முன்னால் மாமனார் நின்றார். எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு, மெயினைத் தூக்கி, ஒன்றைப் போட்டார். அது சுற்றி வேகம் பிடிக்கும் வரை காத்திருந்து அடுத்ததைப் போட்டார். காலையில் பொறுக்க முடியாத மனிதர், ஒவ்வொரு ஃபேனுக்கும் நடுவில் அப்படிப் பொறுத்தார். அவர் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சுவரில் முதல் சொட்டு இறங்கியபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரும்பாலானவை பிழைத்தன. கதவுக்கு எட்டாத மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தவை பிழைக்கவில்லை. அவற்றைப் புதைக்கக் குழி வெட்ட வேண்டும். யாரையும் விடாமல் மாமனாரே கூடத்துக்குப் போய், பலகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தார். அதன் நெற்றியில் அவர் கையால் காலையில் வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. வெட்டி முடிக்கும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சொம்பையும் வாங்கவில்லை. என் மேல் கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் இன்ஜினியர் வந்து பிரித்துப் பார்த்தார். எழுத வேண்டியதைப் பாதி எழுதிய நிலையில் மின்சாரம் போனதால், கம்ப்யூட்டர் தன்னால் முடிந்த அளவு பழைய நிலைக்குத் திரும்பி, எப்படியோ எழுந்து நின்றிருக்கிறது. ஆனால் பேனலோடு பேச வைக்கும் பகுதி மட்டும் பழையதாகவும் இல்லாமல் புதியதாகவும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. சில நிமிடம் வேலை செய்துவிட்டு நின்றுபோயிருக்கிறது. புரோகிராமோ, கடைசியாகக் கேட்ட எண்ணையே பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருந்தது. பேனலும் கடைசியாக வந்த உத்தரவுப்படி, காலை நேரத்துக்குப் போதுமான இரண்டு ஃபேனை மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தது. முழுதாகச் செத்திருந்தால் நாங்கள் அன்று முழுக்க மேனுவலில் ஓட்டியிருப்போம், ஒன்றும் ஆகியிருக்காது. பிழைத்த மாதிரி நடித்ததுதான் ஆபத்தாகப் போயிற்று.

"அப்டேட்டே வேண்டாம்னு சொன்னது என் தப்புதாங்க மேடம்" என்றார் அவரும். தள்ளிப்போட்டதால் எல்லாம் சேர்ந்து ஒரே மூட்டையாக இறங்கியிருக்கிறது. அன்றோடு நடைமுறையை மாற்றினோம். கோழி பிடித்து ஷெட் காலியாக இருக்கும் நாட்களில் மட்டும், ஒவ்வொரு தடவையும் தவறாமல் அப்டேட் செய்வது. செய்யும் முன் முழுக் கம்ப்யூட்டரையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது. செய்த பின் காலி ஷெட்டிலேயே ஓடவிட்டுப் பார்ப்பது. சைரனுக்குக் கம்ப்யூட்டரை நம்பாத தனி வெப்பமானி. தகவல் நின்றால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு. அறைக் கதவில் ஒரு கத்தி எப்போதும் தொங்கும். அது மட்டும் எந்தப் பூஜைக்கும் போகாது. இதைச் சொன்னது மாமியார்.

மாமனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே வீட்டில் ஒரு வருஷம் அந்தப் பேச்சைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அதிர்ஷ்டவசமாக ஷெட் காலி. பூஜைக்கு முன்பே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, நகல் எல்லாம் எடுத்துவிட்டு, விடிந்ததும் அப்டேட்டைத் தொடங்கினேன். என் கணக்கு பொய்த்தது. அது நத்தை மாதிரி ஊர்ந்தது. நல்ல நேரம் நெருங்கியது. மாமனார் தட்டோடு வந்து நின்றார். உள்ளே ஓர் உயிர்கூட இல்லை என்று தெரிந்தும், அந்த வட்டமும் அந்தத் தட்டும் ஒன்றாகக் கண்ணில் பட்டதும் எனக்கு மூச்சு முட்டியது.

"மாமா, நேரம் போயிருமுங்க. நீங்க மத்ததுக்கெல்லாம் பண்ணிருங்க" என்றேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு, திரைக்கு எதிரே உட்கார்ந்தார். கற்பூரத்தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"போனாப் போகட்டுங் கண்ணு. அது முடிச்சுப்போட்டு வரட்டும். சாமி எங்க போயிரப் போவுது."

ராகு காலம் வந்தது. அவர் வாட்ச்சைப் பார்க்கவே இல்லை. விழுக்காட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்து, அணைந்து எழுந்து, புரோகிராம் திறந்தது. எண் வந்தது. நான் தட்டுக்கு நெருப்புப் பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் காலி ஷெட்டுக்குள் நடந்து போனார். நடுவில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்குச் சூட்டைச் சொல்லும் சின்ன வெப்பமானிக் குமிழைத் தன் உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏறுதா அம்மணி?"

நான் திரையைப் பார்த்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறுதுங்க மாமா!"

"நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க!"

அதன் பிறகுதான் வந்து கற்பூரத்தைக் கொளுத்தினார்.

இன்றைக்கும் ஒவ்வொரு அப்டேட் முடிந்ததும், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உள்ளே போய் அந்தக் குமிழைக் கையில் பொத்திப் பிடித்து, எண் ஏறுவதை நான் என் கண்ணால் பார்க்காமல் சுவிட்ச் ஆட்டோ பக்கம் திரும்புவதில்லை. பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பதற்கு வெட்கப்படுவதையும் நான் அன்றோடு விட்டுவிட்டேன்.